கிடங்கில்

தெற்கே போகும் ரயில் ஒலக்கூரைத் தாண்டினால் சிறிது தூரத்தில் திண்டிவனம். அந்த ஊரின் ஒரு பகுதிக்கு இன்றும் கிடங்கல் என்று பெயர். சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இதுதான் என்பது அறிஞர் முடிவு. ரா. பி. சேதுப்பிள்ளை தமது 'ஊரும் பேரும்' நூலில் இங்கே அழிந்த அகழியும் இடிந்த மதிலும் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்.

கிடங்கு என்றால் அகழி. இன்று அந்தச் சொல்லுக்கு மூட்டை அடுக்கும் கட்டடம் என்றுதான் பொருள். பழைய பொருள் உரைகளிலும் ஓர் ஊர்ப்பெயரிலும் ஒதுங்கிவிட்டது.

சங்கச் செய்யுளை வீரயுகத்தின் குரலாகவே கேட்டுப் பழகியவர்களுக்கு அகழி என்றதும் முற்றுகை நினைவு வருகிறது. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. புறநானூற்று அகழியில் முதலை கிடக்கிறது. உழிஞைத் திணையில் அகழி நீரில் நடக்கும் போருக்குப் பாசி என்றே ஒரு துறை இருக்கிறது. ஆனால் நத்தத்தனார் வேறு மாதிரிப் பார்க்கிறார். கிடங்கிலைச் சொல்லும்போது அவர் காட்டுவது பூந்தோட்டங்களை. அகழி வருவது மருதநிலத்து ஆமூருக்கு. அதற்கு அவர் தரும் அடை ஆழமோ அச்சமோ அல்ல, குளிர்ச்சி. வழிநடந்து களைத்த பாணன் கண்ணுக்கு அகழி முதலில் தண்ணீர்தான்.

இது வெறும் கவிதை அலங்காரம் அல்ல. இங்கிலாந்தின் வயல்வெளிகளில் இடைக்கால அகழிகள் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டிலும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வெட்டப்பட்டவை. பல இடங்களில் நடுவிலிருந்த வீடு போய்விட்டது. புல் மூடிய மேடும் அதைச் சுற்றிய பள்ளமும் நிற்கின்றன. இவற்றில் பல, படையைத் தடுப்பதைவிடப் பண்ணை முதலாளியின் அந்தஸ்தைக் காட்டவும் மீன் வளர்க்கவும் நீர் வடியவும் பயன்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே மண்ணைப் படித்துக் கண்டதற்கு நெருங்கிய ஒன்றை இங்கே ஓர் அடைமொழி சொல்லிவைத்திருக்கிறது.

இதனால் கிடங்கலின் பள்ளம் நல்லியக்கோடன் வெட்டியது என்று ஆகிவிடாது. கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். அகழிகள் திரும்பத் திரும்பத் தூர்வாரப்படும். பாட்டைக் கொண்டு பள்ளத்துக்கு வயது சொல்வதும், பிறகு அந்தப் பள்ளத்தைக் காட்டிப் பாட்டை மெய்ப்பிப்பதும் நமக்குச் சௌகரியமான பழக்கம். இதில் பாட்டும் படிக்கப்படுவதில்லை, மண்ணும் தோண்டப்படுவதில்லை. மண்ணின் வயதை மண்வெட்டி சொல்லட்டும். விமர்சகன் செய்யவேண்டியது இன்னும் சிறிய காரியம்: புலவன் குளிர்ச்சி என்று சொன்ன இடத்தில் வீரம் என்று படிக்காமலிருப்பது.