ராணி வேடத்தில் கடைக்காரம்மா

1905இல் ஷெர்போர்ன் என்ற சிறுநகரில் லூயிஸ் நெப்போலியன் பார்க்கர் தொடங்கிவைத்த 'பேஜன்ட்', சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் கிராமங்கள்வரை பரவிவிட்டது. திறந்தவெளியில் ஊராரே நடிப்பார்கள். ஊர் வரலாறு காட்சி காட்சியாக நகரும். ஷெர்போர்ன் கதை முதலாம் எலிசபெத் காலத்தோடு முடிந்துவிட்டது. வசதிதான். பின்னால் வந்த ஆலைகளையும் காலனிகளையும் பேச வேண்டியதில்லை.

வர்ஜீனியா உல்ஃபின் கடைசி நாவலான 'பிட்வீன் தி ஆக்ட்ஸ்' (1941) இந்த வழக்கத்தை 1939 ஜூன் மாதத்து ஒரு நாளில் வைத்துப் பார்க்கிறது. புகையிலை விற்கும் எலைசா கிளார்க் சோப்புப் பெட்டிமேல் ஏறி எலிசபெத் ராணியாக நிற்கிறார். மினுங்கும் வெள்ளி மேலங்கி, பாத்திரம் தேய்க்கும் துணியால் ஆனது. பேஜன்ட்டின் பலம் இங்கேதான் தெரிகிறது: கடைக்காரம்மாவைப் பெரிய வீட்டார் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மற்ற நாளில் நடக்கிற காரியமா?

ஆனாலும் நடப்பது பெரிய வீட்டு நிலத்தில். வசூல் தேவாலயத்துக்கு விளக்குப் போட. ஊராரின் பாட்டுவரிகளைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. பாதிரியார் பேசும்போது பன்னிரண்டு விமானங்கள் அணிவகுத்துப் பறந்து அவர் சொல்லைப் பாதியில் வெட்டுகின்றன. ராணுவத்தை ஏன் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கர்னலுக்குக் குறை. அவருக்கே தெரியாமல் சரியான இடத்தில் கைவைக்கிறார். படையில்லாமல் பேரரசின் கதையைச் சொல்லிப் பழகிய ஊருக்கு, வரப்போகும் போர் எங்கிருந்தோ வந்த இடியாகத்தானே படும்? நாடகத்தை எழுதி இயக்கும் மிஸ் லா ட்ரோப் மட்டும் நிகழ்காலத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. கடைசிக் காட்சியில் கண்ணாடிகளைப் பார்வையாளர் பக்கம் திருப்புகிறார். அவர்கள் நெளிகிறார்கள்.

இந்த வடிவத்துக்குக் கோபம் வராது என்று சொல்லிவிட முடியாது. 1938இல் ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய 'இங்கிலாந்த்ஸ் பிளசன்ட் லேண்ட்', பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு ஏழைகளின் கையைவிட்டுப் போனதை மேடையேற்றியது. அதுவும் கடைசியில், வயலை அழித்து வீடு கட்டுகிறவர்களைத் திட்டுவதில் போய் முடிகிறது. நிலம் யாருக்கு என்ற கேள்வி, அழகு கெடுகிறதே என்ற கவலையாகச் சுருங்கிவிடுகிறது.

உல்ஃபையும் விட்டுவிடுவதற்கில்லை. பெரிய வீட்டார் மனத்தில் ஓடுவதையெல்லாம் எழுதுகிறவர், ஊராரைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்கிறார். பெட்டியிலிருந்து இறங்கிய எலைசா என்ன நினைத்தார் என்பதில் நாவலுக்கு அக்கறையில்லை. 1940இல் ராட்மெல் கிராமத்து மாதர் சங்க நாடக ஒத்திகைகளில் கூடமாட உதவியவர் உல்ஃப். கேட்டறிய ஆளில்லாமல் போகவில்லை.