தொகுதி இல்லாத உறுப்பினர்: வங்கதேசத்தின் மகளிர் ஒதுக்கீடும் ஷிரின் ஷர்மின் சௌத்ரியின் அரசியல் வாழ்வும்

வங்கதேசத்தின் ஒற்றை அவை நாடாளுமன்றமான ஜாதீய சங்சத்தின் இடங்கள் 350. அவற்றுள் 300 இடங்களுக்குத் தொகுதி மக்கள் நேரடியாக வாக்களிக்கின்றனர்; எஞ்சிய 50 இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டவை. அந்த 50 பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இல்லை. ஏற்கெனவே வென்று வந்த 300 உறுப்பினர்களுக்கே உண்டு. அரசமைப்பின் 65ஆம் பிரிவு வகுத்துள்ள இந்த ஏற்பாடு, தேர்தல் களத்தில் பெண்களுக்கு எளிதில் கிடைக்காத இடத்தை அவைக்குள் உறுதிசெய்கிறது என்று ஒரு சாராரும், கட்சித் தலைமைக்குக் கட்டுப்பட்ட உறுப்பினர்களை உருவாக்குகிறது என்று மறுசாராரும் அரை நூற்றாண்டாக வாதிட்டு வருகின்றனர். இரு தரப்பு வாதங்களையும் ஒருசேரச் சோதித்துப் பார்க்கத் தக்கது, நாட்டின் முதல் பெண் சபாநாயகரான ஷிரின் ஷர்மின் சௌத்ரியின் அரசியல் வாழ்வு. அவர் ஒதுக்கீட்டு இடத்தின் வழியே அவைக்குள் நுழைந்து, நான்கே ஆண்டுகளில் அந்த அவையின் தலைமை இருக்கைக்கு உயர்ந்தவர்.

இம்முறையின் வேர் வங்கதேசம் பிறப்பதற்கு முன்பே ஊன்றியது. 1970 பாகிஸ்தான் பொதுத் தேர்தலில், பின்னாளில் வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானுக்குரிய 162 பொது இடங்களில் 160ஐ வென்ற அவாமி லீக், பெண்களுக்கான 7 இடங்களையும் சேர்த்தே 167 என்ற பெரும்பான்மையைப் பெற்றது. 1972ஆம் ஆண்டு அரசமைப்பு அதே வழியைப் பின்பற்றி, பத்தாண்டு காலத்திற்கு 15 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. போரிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த நாட்டில் பெண்கள் பொது வாழ்வுக்குப் பழகும்வரை தேவைப்படும் இடைக்கால ஏற்பாடாகவே அது கருதப்பட்டது. ஆயினும் அந்த இடைக்காலம் முடியவே இல்லை. குடியரசுத் தலைவர் ஜியாவுர் ரஹ்மான் ஆட்சியில் இடங்கள் 30 ஆயின. 1987இல் காலக்கெடு முடிந்ததால் 1988இல் அமைந்த நான்காவது நாடாளுமன்றத்தில் ஒதுக்கீடே இல்லாமற் போனது. 1990இல் பத்தாவது திருத்தம் 30 இடங்களை மீட்டளித்தது. 2001இல் அதுவும் முடிந்தபின், 2004இல் பதினான்காவது திருத்தம் 45 இடங்களையும், 2011இல் பதினைந்தாவது திருத்தம் 50 இடங்களையும் வழங்கின. 2018இல் பதினேழாவது திருத்தம் ஒதுக்கீட்டை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. எண்ணிக்கையும் கால அளவும் மாறிக்கொண்டே வந்தபோதும், மக்கள் வாக்களிக்காத தேர்வுமுறை மட்டும் மாறவில்லை என்பது இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

தேர்வுமுறைக்குள் நிகழ்ந்த ஒரே பெரிய மாற்றம் 2004இல் வந்தது. அதற்கு முன் அவையில் பெரும்பான்மை வைத்திருந்தவர்களே மகளிர் இடங்களையும் அள்ளிக்கொள்ள முடிந்தது. 1991இல் 300இல் 140 இடங்களை மட்டுமே வென்று அறுதிப் பெரும்பான்மை இல்லாதிருந்த வங்கதேசத் தேசியவாதக் கட்சி, ஜமாத்தே இஸ்லாமியின் துணையோடு 30 மகளிர் இடங்களில் 28ஐப் பெற்று, 330 பேர் கொண்ட அவையில் 168 உறுப்பினர்களோடு பெரும்பான்மைக் கட்சியானது. எஞ்சிய இரண்டு இடங்கள் துணை நின்ற கட்சிக்குச் சென்றன. பெண்களின் குரலுக்கென உருவான இடங்கள் அரசுக்கு எண்ணிக்கை சேர்க்கும் கருவியாகப் பயன்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1980களில் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத்தின் ஆட்சியின்போது ஒரு வார இதழ் இவ்வுறுப்பினர்களை அவையை அழகுபடுத்தும் முப்பது செட் நகைகள் என்று எள்ளி எழுதியதும், அதற்காக அவ்விதழ் தடைசெய்யப்பட்டதும் இம்முறைக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பைக் காட்டும். 2004க்குப் பின் ஒவ்வொரு கட்சியும் தான் வென்ற பொது இடங்களின் விகிதத்திற்கேற்ப மகளிர் இடங்களைப் பெறுகிறது; இன்றைய கணக்கில் ஆறு பொது இடங்களுக்கு ஒரு மகளிர் இடம் என்பது தோராயமான அளவு. எதிர்க்கட்சிப் பெண்களும் அவைக்குள் வர இது வழிசெய்தது. ஆனால் ஒவ்வொரு கட்சியும் தன் பங்குக்குரிய பெயர்களை மட்டுமே முன்மொழிவதால், வேட்புமனுக்களும் இடங்களும் சமமாகி, வாக்குப்பதிவு நடவாமலேயே அனைவரும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்படுவதே வழக்கமாயிற்று. 2024இல் சுயேச்சை உறுப்பினர்களின் பங்கும் வந்து சேர, 48 இடங்கள் அவாமி லீக்கிற்குக் கிடைத்தன. அவற்றுக்காகக் கட்சி அலுவலகத்தில் பணம் கட்டி விண்ணப்பப் படிவம் வாங்கிய பெண்கள் 1500க்கும் மேற்பட்டோர். போட்டி கடுமையாகவே இருந்தது; அது நடந்த களம் மட்டும் மக்கள் மன்றமாக இல்லாமல் கட்சித் தலைமையின் மேசையாக இருந்தது.

இப்பின்னணியில் ஷிரின் ஷர்மின் சௌத்ரியின் வருகையை மதிப்பிட வேண்டும். 1966இல் டாக்காவில் பிறந்த அவர், நாட்டின் நிறுவனத் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் செயலராகப் பணியாற்றிய அரசு அதிகாரி ஒருவரின் மகள். டாக்கா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். இத்தகைய ஒருவர் வழக்கமான தேர்தல் பாதையில் அவைக்கு வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வங்கதேசத்தில் தொகுதிப் போட்டிக்குப் பெரும் பணமும், தெருவில் இறங்கும் ஆள்பலமும், பல்லாண்டுக் கால உள்ளூர்ச் செல்வாக்கும் வேண்டும். இவை பெரும்பாலும் ஆண்களிடமும், அரசியல் குடும்பத்துப் பெண்கள் சிலரிடமும் மட்டுமே குவிந்திருந்தன. 1973இன் முதல் பொதுத் தேர்தலில் எந்தப் பெண்ணும் நேரடியாக வெல்லவில்லை என்பதும், 1979இல் குல்னா-14 தொகுதியில் சையதா ரஸியா ஃபைஸ் வென்றதே முதல் நேரடி வெற்றியாகப் பதிவானது என்பதும் அத்தடையின் உயரத்தை உணர்த்தும். 2009இல் ஒதுக்கீட்டு இடத்தின் வழியே வந்த ஷிரின் ஷர்மின், மகளிர் மற்றும் குழந்தைகள் நலத்துறையின் இணை அமைச்சரானார். குடும்ப வன்முறையைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும், 2011ஆம் ஆண்டின் தேசிய மகளிர் மேம்பாட்டுக் கொள்கையும் அவர் அத்துறையில் இருந்த காலத்தவை. சொத்தில் பெண்களின் உரிமை பற்றிய ஐயத்தை முன்வைத்து மதவாத அமைப்புகள் அக்கொள்கையை எதிர்த்து 2011 ஏப்ரலில் முழுஅடைப்பு நடத்தின. சட்டப் புலமையுள்ள பெண் ஒருவர் அத்துறையில் அமர முடிந்தது ஒதுக்கீட்டின் நற்பயன் என்று கொள்வதில் தவறில்லை.

அதன் உச்சம் 2013 ஏப்ரல் 30. சபாநாயகராக இருந்த அப்துல் ஹமீத் குடியரசுத் தலைவரானதால் காலியான பதவிக்கு, 46 வயதே நிரம்பிய ஷிரின் ஷர்மின் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரதமர் ஷேக் ஹசீனா, எதிர்க்கட்சித் தலைவர் காலிதா ஜியா, சபாநாயகர் ஆகிய மூவரும் பெண்களாக அமைந்த அவை உலகில் அரிது. 2014இல் காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கத்தின் செயற்குழுத் தலைவராகவும் அவர் தேர்வானார். ஒதுக்கீட்டு இடம் இரண்டாந்தர உறுப்பினர்களையே உருவாக்கும் என்ற பழிக்கு அவருடைய எழுச்சி ஒரு மறுமொழி. எதிரணியிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2019இல் தேசியவாதக் கட்சிக்குக் கிடைத்த ஒரே மகளிர் இடத்தில் அமர்ந்த வழக்கறிஞர் ருமின் ஃபர்ஹானா, ஆளுங்கட்சி நிறைந்த அவையில் அரசைக் கூர்மையாக விமர்சித்துப் பேசி நாடறிந்தவரானார். 2022 டிசம்பரில் தம் கட்சி உறுப்பினர்களோடு சேர்ந்து பதவி விலகினார். விகிதாசாரப் பங்கீடு இல்லாதிருந்தால் அந்தக் குரல் அவையில் ஒலித்திருக்காது.

எனினும், இதே வாழ்க்கை வரலாறு முறையின் குறைகளையும் அதே தெளிவோடு காட்டுகிறது. சபாநாயகராக அமர்ந்த நாளில் ஷிரின் ஷர்மின் ஒரு வாக்காளரிடமும் வாக்குக் கேட்டவரல்லர். 2014 ஜனவரியில் அவர் பெற்ற முதல் தொகுதியும் அவராகப் பண்படுத்திய நிலமன்று. ஷேக் ஹசீனா தம் கணவரின் சொந்தப் பகுதியான பீர்கஞ்சை உள்ளடக்கிய ரங்பூர்-6 தொகுதியில் வென்று, பின்னர் அதை விட்டுக்கொடுத்ததால் வந்த இடைத்தேர்தலில், ஷிரின் ஷர்மின் போட்டியின்றித் தேர்வானார். இருக்கையும் தொகுதியும் ஒரே கையிலிருந்து வந்தன. அரசையும் எதிர்க்கட்சியையும் சமமாக நடத்த வேண்டிய நடுநிலைப் பதவி, தன் இருப்புக்கே அரசுத் தலைமையை நம்பியிருக்கும் ஒருவரிடம் அமையும்போது, அவர் எவ்வளவு நேர்மையோடு நடந்துகொண்டாலும் அந்த நடுநிலையை நாடு ஐயத்தோடுதான் நோக்கும். 2024 ஆகஸ்டில் மக்கள் எழுச்சியால் அரசு வீழ்ந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும், செப்டம்பர் 2 அன்று அவர் பதவி விலகினார். நான்கு நாடாளுமன்றங்களுக்குத் தொடர்ந்து தலைமை தாங்கியவருக்கு, தலைமையின் ஆதரவு நீங்கியபின் ஊன்றி நிற்கத் தனக்கென ஓர் அரசியல் தளம் இருக்கவில்லை.

அவ்வளவு உயரம் எட்டாத மற்ற ஒதுக்கீட்டு உறுப்பினர்களின் நிலை இதனினும் மெலிந்தது. உபஜிலா என்பது மாவட்டத்திற்கு அடுத்த கீழ்நிலை ஆட்சிப் பிரிவு. அதன் மன்றத்திற்கு அப்பகுதி நாடாளுமன்ற உறுப்பினரே ஆலோசகர் என்றும், அவருடைய ஆலோசனையை மன்றம் ஏற்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் அச்சட்டம் அவ்வுரிமையைத் தனித் தொகுதியிலிருந்து தேர்வான உறுப்பினருக்கு மட்டுமே வழங்குகிறது. சாலை, பள்ளி, நிவாரணப் பட்டியல் என உள்ளூரில் அதிகாரம் உருவம் பெறும் இடத்தில் மகளிர் உறுப்பினருக்குச் சட்டப்படி நாற்காலி இல்லை. மக்கள் பணியின் வழியே செல்வாக்கை வளர்த்து, அடுத்த தேர்தலில் பொது இடத்திற்குப் போட்டியிடும் வழி அதனால் குறுகிவிடுகிறது. தொடக்கத்தில் பயிற்சிக்களமாகக் கருதப்பட்ட ஏற்பாடு, பயிற்சிக்கு வேண்டிய கருவிகளையே தராமல் விட்டுவிட்டது. பெண்களுக்கு இடம் தந்தாயிற்று என்ற சமாதானமும் கட்சிகளுக்கு எளிதில் கிடைத்துவிடுவதால், பொதுத் தொகுதிகளில் பெண்களை நிறுத்த வேண்டிய நெருக்கடியும் தளர்கிறது. 1991 முதல் 2024 வரை, காப்பரசுகள் எனப்பட்ட இடைக்கால அரசுகளின் காலம் நீங்கலாக, பெண்களே பிரதமர்களாக இருந்த நாட்டில், நேரடியாக வென்ற பெண்களின் பங்கு எந்த அவையிலும் பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

குறைகள் அனைத்தையும் ஒதுக்கீட்டின் மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையான மதிப்பீடாகாது. அரசமைப்பின் 70ஆம் பிரிவின்படி, கட்சிக்கு எதிராக அவையில் வாக்களிக்கும் எந்த உறுப்பினரும் பதவியிழப்பார். தலைமைக்குக் கட்டுப்படுதல் என்பது ஆண் பெண், நேரடி மறைமுகம் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவான விதி. 2014 தேர்தலில் 300 பொது இடங்களில் 153 இடங்கள் போட்டியின்றியே நிரம்பின என்பதை நினைவில் கொண்டால், நேரடித் தேர்தல் என்ற பெயர் மட்டும் மக்களாட்சியைக் கொண்டுவந்துவிடாது என்பதும் விளங்கும். ஷிரின் ஷர்மினின் வாழ்வில் தெரியும் சார்புநிலை அவருக்கோ அவர் வந்த வழிக்கோ மட்டும் உரியதன்று; தலைமையிடம் அதிகாரம் குவிந்த அரசியலின் பொது இயல்பு அது. ஒதுக்கீட்டு முறை அவ்வியல்பைப் படைக்கவில்லை. ஆனால் அதன் வேகத்தைத் தணிக்கக்கூடிய ஒரே விசையான வாக்காளரை இடையிலிருந்து அகற்றி, அதை முழுமையாக்கியது.

மாற்றுவழி அந்நாட்டிலேயே செயற்பட்டு வருகிறது. சிற்றூர்களின் ஆட்சி மன்றமான யூனியன் பரிஷத்தில் ஒன்பது பொது வார்டுகளுக்கு மூன்று மகளிர் இடங்கள் உண்டு. 1997ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் அவ்விடங்களுக்கு மக்களே வாக்களிக்கின்றனர். அவ்வாண்டுத் தேர்தலில் 12,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்தோறும் வாக்குக் கேட்டு வென்று வந்தனர். அங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை: மூன்று வார்டுகளுக்கு ஒருவர் என்பதால் பெண் உறுப்பினரின் வாக்காளர் பரப்பு ஆண் உறுப்பினருடையதைவிட மும்மடங்கு, பணியும் நிதியும் பங்கிடப்படும்போது கிடைப்பதோ பல இடங்களில் குறைவு. ஒரே நிலப்பரப்பில் இரு வகை உறுப்பினர்கள் இருந்தால், வலுவற்ற இடத்திலிருப்பவர் ஒதுக்கப்படுவார் என்பதே இதன் பாடம். அதனால்தான் 2024 எழுச்சிக்குப் பின் அமைந்த சீர்திருத்த ஆணையங்கள், 100 தொகுதிகளிலிருந்து பெண்கள் மட்டும் நேரடியாகத் தேர்வாக வேண்டும் என்றும், மகளிர் விவகாரச் சீர்திருத்த ஆணையம் அவையை 600 இடங்களாக்கி அவற்றுள் 300ஐப் பெண்களுக்கு நேரடித் தேர்தலின் வழியே தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தன. ஆயினும் கட்சிகள் கூடி உருவாக்கிய 2025ஆம் ஆண்டின் ஜூலை தேசிய சாசனம், 50 மறைமுக இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, பொதுத் தொகுதிகளில் 5 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெண் வேட்பாளர்களை உயர்த்துவது என்ற அளவில் நின்றது. ஆட்சியை வீழ்த்திய எழுச்சிக்குப் பின்னரும், இடங்களைப் பகிர்ந்தளிக்கும் உரிமையை விட்டுத்தரக் கட்சிகள் முன்வரவில்லை.

மொத்தத்தில் பார்த்தால், வங்கதேசத்தின் மகளிர் ஒதுக்கீடு அவையின் தோற்றத்தை மாற்றியுள்ளது. திறமையுள்ள பெண்கள் சிலருக்கு வேறு எவ்வழியிலும் கிட்டாத வாய்ப்பை வழங்கியுள்ளது. முற்றிலும் கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1988 அவையின் வெறுமையே காட்டியிருப்பதால், ஒழிப்பு அதற்குத் தீர்வாகாது. ஆனால் அது ஒருவருக்கு இருக்கையைத் தரும்போதே, அந்த இருக்கையைத் தன் வலிமையால் காத்துக்கொள்ளும் வழியைப் பறித்துவிடுகிறது. ஷேர்பூரில் மக்களிடம் மீண்டும் மீண்டும் வாக்குக் கேட்டு வென்று, இரு காலகட்டங்களில் வேளாண் அமைச்சராக இருந்த மோதியா சௌத்ரி போன்றோருக்குத் தொகுதி தந்த அரசியல் எடையை, ஒதுக்கீட்டு இடத்தில் வரும் பெண்ணுக்கும் தர வேண்டுமெனில், 50 இடங்களை 100 ஆக்குவதைக் காட்டிலும், அந்த இடங்களுக்குரிய எல்லையும் அதிகாரமும் வாக்காளரும் முதலில் வரையறுக்கப்பட வேண்டும். பெண்களுக்கு எத்தனை இடம் என்ற கேள்விக்கு அந்நாடு ஐந்து முறை விடை திருத்தி எழுதிவிட்டது. அவர்கள் யாருக்குப் பொறுப்புடையவர்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளாதவரை, அடுத்த திருத்தமும் எண்ணிக்கையை மட்டுமே மாற்றும்.