தீவாந்தரம் போனவள்: தமிழ் இலக்கியத்தில் ஒரு மௌனம்

'தீவாந்தரம்' என்னும் சொல் இன்றைய மாணவர் பலருக்குப் புதிதாகவே இருக்கும். குற்றவாளியைக் கடல் கடந்த தீவுக்கு அனுப்பிவிடும் தண்டனையை அச்சொல் குறித்தது. 1801இல் மருது சகோதரரின் போர் ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவருடன் பலரும் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். பல்லாண்டுகள் கழித்துத் துரைசாமியை அங்கே கண்ட வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், அச்சந்திப்பைத் தம் நினைவு நூலில் எழுதி வைத்தார். அந்நூல் 1830இல் வெளிவந்தது. பகைவனின் எழுத்தாயினும் அது ஒரு மனிதனின் துயரைக் காலத்துக்குக் காட்டிற்று. அதே கடலைத் தண்டனை பெற்ற பெண்களும் கடந்தனர். அவர்களுக்கு ஒரு வெல்ஷ் வாய்க்கவில்லை. தமிழ்க் கதையாசிரியரும் வாய்க்கவில்லை.

தண்டனைக் கப்பல்கள் பினாங்குக்கும் பெங்கூலனுக்கும் வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1825 ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மாகாணத்திலிருந்து தண்டிக்கப்பட்ட 80 பேர் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டு வரப்பட்டனர். சிங்கப்பூரின் கைதிக் குடியிருப்பு 1873இல் மூடப்பட்டது. அதற்கு முன்னரே, 1858இல், அந்தமான் தண்டனைத் தீவாகிவிட்டது. அங்கே சவுத் பாயிண்ட் என்னுமிடத்தில் பெண்களுக்கெனத் தனிச் சிறை இருந்தது. சில ஆண்டுகள் அதில் கழித்த பெண், அரசின் இசைவுடன் ஆண் கைதி ஒருவனை மணந்து வெளியேறலாம் என்பது அக்கால விதி. தாய்நாட்டில் அவளுக்கு உயிர்த்தண்டனையையோ தீவாந்தரத்தையோ விதித்த அதே அரசு, தீவில் அவளைக் குடும்பத் தலைவியாக்கிக் குடியேற்றத்தை வளர்த்தது. இந்த முரண் ஒன்றே ஒரு பெரும் புதினத்துக்குப் போதுமான கரு.

இக்கருவைக் கையில் வைத்திருந்தும் தவறவிட்ட நூல் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் இந்தியக் கைதிகளின் மேலாளராக இருந்த மக்நேர், பேலிஸ் என்பவருடன் சேர்ந்து எழுதி 1899இல் வெளியிட்ட நூல் அது. கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக்கிய முறையும், அவர்கள் செங்கல் சுட்டதும், புலி வேட்டைக்குச் சென்றதும், செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியெழுப்பியதும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. வரலாறு பயில்வோர்க்கு அது பயன்மிக்க நூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண் கைதிகள் அதில் நிருவாகத்தின் ஓர் உட்பிரிவாகவே நிற்கின்றனர். எந்த ஊர், எவர் மகள், எந்த இரவில் என்ன நேர்ந்தது என்று நூல் வினவவில்லை. சிறை அதிகாரியிடம் அவ்வினாவை எதிர்பார்த்தலும் முறையன்று. அதனை வினவ வேண்டியது இலக்கியம்.

இலக்கியம் வினவியதா? புக்கிட் ரோத்தானுக்கு அண்மையிலேயே ஒரு சான்று கிடைக்கின்றது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் அமைத்து வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொனியே. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிடலைத் தொடங்கியவரும் அவரே. அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் பழனியாயி என்னும் தமிழ்ப் பெண் வருகிறாள். சிலாங்கூர்க் கைதிக் குடியிருப்பு அன்று. பழனியாயி கைதியும் அல்லள், தோட்டத்துப் பெண். எனினும் ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் தோட்டங்களிலும் வழங்கியதுண்டு. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆகவே கைதியும் கூலியும் உறவற்றவர் அல்லர். ஃபோகொனியே காட்டையும் மனிதரையும் கூர்ந்து நோக்கிய கலைஞர். ஆயினும் பழனியாயியை வாசகர் காண்பது கதை சொல்லும் துரையின் கண்களால் மட்டுமே. அவளுடைய கண்களுக்கு அத்துரை எவ்வாறு தோன்றினார் என்பதற்கு நூலில் விடையில்லை.

தமிழ் எழுத்தாளர் இக்குறையை ஓரளவு நிறைவு செய்தனர். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாடினார். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி', மருதி என்னும் எளிய பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, அவள் உடலும் வாழ்வும் சிதைவதைக் காட்டிற்று. கணவனைச் சிறையும் மனைவியைத் தோட்டமும் விழுங்கும் அமைப்பில், இரண்டுக்கும் உள்ள உறவை ஆசிரியர் உரையின்றியே உணர்த்திவிடுகிறார். ஆயினும் இவ்விரு படைப்புகளிலும் வரும் பெண்கள் குற்றமற்றவர்கள். குற்றமற்றவளுக்குக் கண்ணீர் சிந்துதல் எளிது. கொலை செய்து தீவாந்தரம் போனவளிடமே படைப்பாளியின் அருள் சோதனைக்கு உள்ளாகிறது. தமிழ் இலக்கியம் மௌனம் காப்பது இவ்விடத்தில்தான்.

குற்றவாளியைப் பாத்திரமாக்கினால் குற்றத்தைப் போற்றியதாகாதா என்று ஆசிரியர் சிலர் ஐயுறலாம். வகுப்பறையில் எழக்கூடிய நியாயமான ஐயமே இது. இதற்கு விடையைப் பழந்தமிழே தந்திருக்கின்றது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றன் தலைவி குண்டலகேசி. கொலைக்களம் சென்ற கள்வனை விரும்பி மணந்தாள். ஊடலில் அவனைக் கள்வன் என்றாள். அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிந்தான். அவள் அவனை வலம் வருவதாகக் கூறிப் பின்னின்று தள்ளினாள். கணவனைக் கொன்ற அப்பெண்ணை மறைக்காமலும் மன்றாடாமலும், துறவியாகவும் வாதில் வல்லவளாகவும் வளர்த்தது அக்காப்பியம். நூல் அழிந்து சில செய்யுள்களே எஞ்சின. ஆனால் தமிழர் அப்பெண்ணுக்குக் காப்பியத் தலைமை தந்தனர் என்னும் செய்தி அழியவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முன் அவள் நின்றிருந்தால், தூக்குமேடைக்கோ அந்தமான் கப்பலுக்கோ சென்றிருக்கக்கூடும். தற்காப்பு என்று அவள் சொல்வதை மெய்ப்பிக்க மலையுச்சியில் சாட்சி ஏது?

அண்டை மொழியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்னும் இளம் கைம்பெண், தன் பச்சிளங்குழந்தையைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்றாள். மேல்முறையீட்டில் அது தீவாந்தரமாயிற்று. பின்னர் மேலும் குறைக்கப்பட்டது. நாளிதழ்கள் பெண்குலத்தையே பழித்த வேளையில், தாராபாய் ஷிண்டே என்னும் மராத்தியப் பெண்மணி 1882இல் 'ஸ்திரீ புருஷ துலனா' என்னும் நூலை எழுதினார். கொலை நடக்கவில்லை என்று அவர் வாதாடவில்லை. கைம்பெண்ணுக்கு மறுமணத்தை மறுத்து, அவளை நாடி வந்த ஆணை மட்டும் தப்பவிடும் சமுதாயத்தைக் கூண்டிலேற்றினார். நீதிமன்றம் செயலை அளந்தது. எழுத்து அச்செயலுக்கு இட்டுச் சென்ற பாதையை அளந்தது. இரண்டும் வெவ்வேறு பணிகள்.

எனவே, தீவாந்தரப் பெண்ணைப் பற்றி இனி எழுதப்படும் எந்தப் படைப்பையும் மூன்று வினாக்களால் மதிப்பிடலாம். கப்பலேறுமுன் அவளுக்கு ஓர் ஊரும் உறவும் இருந்ததை நூல் அறிகிறதா? தீவில் நடக்கும் திருமணத்தில் அவள் தானே முடிவெடுக்கிறாளா? அவள் செய்த குற்றத்தை நூல் ஒளிக்காமல் ஏற்கிறதா? மூன்றாவது வினா மிக இன்றியமையாதது. அவளைக் கண்ணகியாக்கிக் களங்கம் துடைக்க முயலும் ஆசிரியர், தம்மையறியாமல் அவளை மீண்டும் நாடு கடத்திவிடுகிறார். அவள் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தே அவளை அகற்றிவிடுகிறார்.

வடசிலாங்கூர்த் தோட்டங்களில் பாட்டிமாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை மெல்லக் குறைந்து வருகின்றது. கதை சொல்லும்போது அப்பாட்டிமார் சில இடங்களில் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். ஊரை விட்டு ஏன் வந்தோம் என்பது பெரும்பாலும் அத்தகைய இடம். கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்கள் மாணவரை அவ்விடத்தில் பொறுமையுடன் அமரச் செய்யலாம். குண்டலகேசிக்குத் தலைமை தந்த மொழிக்கு, தீவாந்தரம் போனவளைப் பேசவைக்கும் ஆற்றல் இல்லாமற் போகாது.