குலினி என்னும் வினை: பழங்குடியினர் குடும்ப வன்முறைத் தடுப்புத் திட்டங்களில் சொல்லும் பொருளும்

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளின் முதற்குடி மக்களிடையே குடும்ப வன்முறையைத் தடுத்தற்கும் அதனால் விளைந்த உளப்புண்ணை ஆற்றுதற்கும் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல திட்டங்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் பலவும் 'பண்பாட்டு அடித்தளம் உடையவை' என்னும் அடைமொழியோடு அறிமுகமாகின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடு ஒன்றன் அட்டையில் புள்ளி ஓவியத்தை அச்சிட்டு, உள்ளே ஊர்மொழிச் சொற்கள் நான்கைச் சேர்த்துவிட்டாலும் இவ்வடைமொழி பொருந்திவிட்டதாகக் கருதும் போக்கு காணப்படுகிறது. அது எப்போது பொருந்தும், எப்போது வெறும் அணியாக நின்றுவிடும் என்பதை மொழி வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மைய ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலை மொழிச் சமூகத்தினர் நடத்திவரும் ஒரு முயற்சி முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஏனையவை ஒப்புமைக்காகச் சுட்டப்படுகின்றன.

முதற்கண் கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. ஆஸ்திரேலிய முதற்குடியினர் 'இல்ல வன்முறை' என்பதை விடுத்து 'குடும்ப வன்முறை' என்பதையே விரும்பி ஆள்கின்றனர். கணவன் மனைவி என்னும் இருவரோடும், ஒரு கூரையோடும் நிற்கும் செய்தியாக அவர்கள் இதனைக் காண்பதில்லை. உடன்பிறந்தார், மாமன், பாட்டி எனச் சுற்றம் முழுவதும் அதில் அகப்படுகிறது. மேற்குப் பாலை மொழியில் 'வல்ச்சா' என்னும் சொல் உறவினரையும், ஒருவர்க்கு உரியதையும், 'தான்' என்பதையும் ஒருங்கே குறிக்கும். உறவினரை அடிப்பவன் தனக்குரியதையும் தன்னையும் சிதைக்கிறான் என்னும் கருத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவை அங்கில்லை. அச்சொல்லிலேயே அதற்கு இடமுள்ளது. 'இல்லம்' என்ற சொல்லிலிருந்து தொடங்கும் திட்டம் இவ்விடத்தை இழந்துவிடும்.

மொழிபெயர்ப்பின் எல்லை

வன்முறை பற்றிய பயிற்சிகளில் உலகெங்கும் பரவிய கருவி, 1984-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் உருவான 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்னும் சக்கரமாகும். அடிபட்ட பெண்களுடன் நடத்திய உரையாடல்களிலிருந்து பிறந்தது அது. அதன் பயனைக் குறைத்துக் கூற இயலாது. ஆயின் வேற்று மொழிக்குப் பெயர்க்குங்கால் நிகழ்வது யாது?

தமிழையே எடுத்துக்கொள்ளலாம். 'கட்டுப்பாடு' என்பது தமிழில் பழிச்சொல் அன்று. 'கட்டுப்பாடான குடும்பம்' என்பது பாராட்டு. 'ஊர்க்கட்டுப்பாடு' என்பது சமூக நெறி. மனைவியைக் கட்டுப்படுத்துவது குற்றம் என்று கூறும் சக்கரத்தைத் தமிழ்ச் சிற்றூரில் விரித்துவைத்தால், தன் இல்லம் நன்கு நடப்பதற்கான சான்றாகவே ஒருவன் அதனைப் படித்துக்கொள்ளக்கூடும். மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறிப் பயனில்லை. மூலச்சொல் தன் மொழியில் ஏந்தியிருந்த மதிப்பீடு பெயர்ப்பில் உடன்வரவில்லை என்பதே உண்மை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உடல்சார், பாலியல்சார், சொல் மற்றும் உணர்வுசார், பொருளியல்சார் எனக் கொடுமையை வகைப்படுத்தியுள்ளது. இவ்வகைகளை நீலகிரித் தோடர், கோத்தர், இருளர் மொழிகளில் கூறவேண்டிய அலுவலர்க்கும் இதே இடர்ப்பாடு நேரும்.

சினத்தைக் குறிக்கும் சொற்களில் இது மேலும் கூர்மையாகத் தெரிகிறது. 'சினத்தை அடக்கும் பயிற்சி' என்பது வன்முறை செய்த ஆண்களுக்குப் பரவலாக அளிக்கப்படுவது. சினம் என்பது உள்ளத்தில் பொங்கும் ஒற்றை ஆற்றல், கொதிகலனுள் நீராவி போன்றது, அதை மெல்ல வெளியேற்றினால் போதும் என்னும் கருத்து இப்பயிற்சியின் அடியில் உள்ளது. மேற்குப் பாலை மொழியின் யங்குஞ்சச்சாரா வழக்கை ஆராய்ந்த கிளிஃப் கொடார்ட் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், சினத்தையொத்த பொருளுடைய மூன்று வினைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் எதுவும் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்கு ஈடாவதில்லை. ஒவ்வொன்றும் யார் யார்க்கு என்ன செய்தார் என்னும் வெவ்வேறு சூழலைத் தன்னுள் கொண்டது. அவற்றுள் ஒன்றான 'பிக்காரிங்கான்யி' என்பதன் அடியாகிய 'பிக்கா', வலி, புண், நோய் எனப் பொருள்படும் பெயராகும். சினத்தைக் கூறும்போதே வலியின் பெயரும் உடன்வருகிறது. 'உன் சினத்தை அடக்கு' என்று பெயர்த்துக் கூறும் பயிற்றுநர் இம்மூன்றில் எதனைக் குறிக்கிறார் என்பது கேட்போர்க்கு விளங்க வழியில்லை.

தமிழ் மரபும் இங்கு நினைவுகூரத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு நிலைக்களன்களாக உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு செய்தல், அலைத்துத் துன்புறுத்தல், கொலை என நான்கினைக் கூறுகிறது. நான்கும் வெளியே நிகழ்வன; ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் தீங்குகள். சினத்தை உள்ளத்துக் கொதிப்பாக மட்டும் காணாது உறவின் முறிவாகக் காணும் பார்வை பாலை மக்களுக்கு மட்டும் உரியதன்று.

கேட்டலும் தெளிதலும்

ஙாஞச்சாரா, பிச்சாஞ்சாரா, யங்குஞ்சச்சாரா மொழிவழக்கினரின் பெண்கள் மன்றம் 1980-இல் நிறுவப்பட்டது. தென் ஆஸ்திரேலிய நிலவுரிமைப் பேச்சுகளில் தம் குரல் கேட்கப்படவில்லை என்ற பெண்களின் மனக்குறையே அதன் தோற்றக் காரணம். மூன்று மாநில எல்லைகள் கூடும் பாலையில் ஏறத்தாழ 3,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அம்மன்றம் பணிபுரிகிறது. அதன் குடும்ப வன்முறைப் பிரிவு 1994-இல் தொடங்கியது. பெண்களைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுசேர்த்தல், நீதிமன்றத்தில் துணைநிற்றல் ஆகியவை அதன் அன்றாடப் பணிகள். இவ்வொழுங்கை முதலில் கூறுதல் வேண்டும். உளப்புண் ஆற்றும் பேச்சு, அடிபடும் பெண்ணுக்கு ஒதுங்க இடமளித்த பிறகு வந்தது. அதற்கு மாற்றாக வரவில்லை.

இம்மன்றத்தின் 'உட்டி குலிஞ்சாக்கு' என்னும் திட்டம் 2012-இல் தொடங்கியது. மூத்த பெண்களும், 'ஙங்க்கரி' எனப்படும் மரபு மருத்துவர்களும், மேற்கத்திய உளநல வல்லுநர்களும், மொழிபெயர்ப்பாளர்களும் ஒன்றாக அமர்ந்து, அதிர்ச்சி, அச்சம், நாணம், இரக்கம் ஆகியவை பற்றித் தத்தம் மொழியில் பேசினர். ஒருவர் சொல்லை மற்றவர் விளங்கிக்கொள்ளும்வரை பேச்சு நகர்வதில்லை. இதன் விளைவாக உணர்வுச் சொற்களைத் தொகுத்த சுவரொட்டி வெளியாயிற்று; இரு குழந்தைகள் இரு வழிகளில் வளரும் கதையைக் கூறும் 'சுல்ப்பு, வல்ப்பா' என்னும் நூலும் வெளிவந்தது. அப்பெயர்கள் முறையே பறவை, காற்று எனப் பொருள்படுவன.

திட்டத்தின் பெயரிலேயே அதன் முறை அடங்கியுள்ளது. 'உட்டி' என்பது தெளிவு, வெளிப்படை. 'குலினி' என்னும் வினை கேட்டல், உணர்தல், எண்ணுதல், விளங்கிக்கொள்ளுதல் என்னும் பொருள்களைத் தன்னகத்தே கொண்டது. ஈற்றில் நிற்கும் விகுதி நோக்கப் பொருள் தருவது. 'தெளிவாகக் கேட்டு எண்ணுதற்பொருட்டு' என்று பெயரைப் பிரித்துக்கொள்ளலாம். எண்ணம் தலைக்குள் தனியே நிகழ்வதன்று, பிறர் சொல் காதில் விழுவதில் தொடங்குவது என்னும் கருத்து இவ்வினையின் பொருட்பரப்பில் உள்ளது.

தமிழ்க் 'கேள்' என்னும் வினையை இதனோடு ஒப்பிடத் தோன்றும். அதுவும் செவியுறல், வினவல், ஏற்று நடத்தல் என விரிகிறது. உறவினரைக் குறிக்கும் 'கேள்' என்னும் பெயரை இதனோடு இணைத்துப் பேசும் வேட்கையும் எழலாம்; ஒலி ஒன்றாயிருத்தல் கொண்டு இரண்டையும் ஒருசொல் எனக் கொள்வது ஏற்புடையதன்று. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. 'சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அதனால் அடித்தேன்' என்பது தமிழகத்தில் அடித்தவர் கூறும் வழக்கமான காரணம். கேட்டலைப் பணிதலாக்கும் அதே வினைதான் அங்குக் கொடுமைக்குத் துணைநிற்கிறது. ஆகவே ஒரு மொழியில் அழகிய பொருட்பரப்புடைய சொல் இருப்பதனாலேயே அச்சமூகம் அன்புடையது என்று முடிவுசெய்தல் தகாது. அச்சொல்லை யார், எவரை நோக்கி, எதற்காக ஆள்கின்றனர் என்பதே வினா. குலினிக்கு முன் உட்டியைச் சேர்த்த மூத்த பெண்கள் இவ்வினாவுக்கு விடையளித்துள்ளனர் எனலாம்.

இத்திட்டத்தினர் எடுத்துக்கொண்ட தொல்கதை ஒன்று திறனாய்வுக்கு உரியது. உட்குடைவான மரத்துண்டினுள் அகப்பட்டுக்கொண்ட ஒருவனை அவன் மனைவியர் மீட்க முயல்வது கதை. அது மெய்நிகர்க் காட்சியாகவும் ஆக்கப்பட்டது. அதிர்ச்சியில் சிறைப்பட்ட மனிதன் என்னும் உருவகம் மிக வலியது. எந்த உளவியல் கையேட்டிலும் இதற்கு ஈடான படிமம் கிட்டுவது அரிது. ஆயின் குடும்ப வன்முறைச் சூழலில் இதனைக் கேட்கும் இளம்பெண் ஒருத்தி, அகப்பட்டவனை மீட்பது தன் கடன் என்று கொண்டு, அடிக்கும் கணவனிடமே தங்கிவிடும் பொருளையும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. கதையைத் தெரிந்தெடுத்தோர் மூத்த பெண்களே என்பதும், கதைக்குப் பின் பேச்சு நிகழ்கிறது என்பதும் இவ்விடரைக் குறைக்கின்றன. பேச்சின்றிக் காட்சி மட்டும் வேற்றூர்க்குச் செல்லுமாயின் இடர் மீளும். உணர்வுச் சுவரொட்டிக்கும் இஃது ஒக்கும். அதைப் பிறப்பித்த அமர்வு இல்லாதவிடத்து அது சொற்பட்டியலே.

சொல்லின்மேல் மிகை நம்பிக்கை

கனடாவின் மனிட்டோபா மாநிலத்து ஹாலோ வாட்டர் ஊரில் 1980-களில் தோன்றிய வட்டமுறைத் திட்டம், குடும்பத்துள் நிகழும் பாலியல் கொடுமையை ஊரார் கூடிக் கையாண்ட முயற்சியாகும். பொறுப்பை ஏற்றுக்கொண்டவனை ஊரின் நடுவே பேசச்செய்து, பதின்மூன்று படிகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்துவது அதன் முறை. இதனைப் பரவலாக அறியச்செய்தவர்களுள் ஒருவரான அரசு வழக்கறிஞர் ரூபர்ட் ராஸ், ஒஜிப்வே போன்ற மொழிகள் வினைகளால் இயல்வன என்றும், 'குற்றவாளி' என ஒருவரைப் பெயரால் நிலைநிறுத்தும் போக்கு அவற்றில் இல்லை என்றும், அதனாலேயே அச்சமூகங்கள் மாற்றத்தை நம்புகின்றன என்றும் 1996-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். நல்லெண்ணம் மிக்க வாதம். மொழியியல் நோக்கில் வலுவற்றது. அல்கோன்கியன் மொழிகளில் வினையின் ஆட்சி மிகுதி என்பது உண்மை. வினையிலிருந்து பெயரை ஆக்கும் வழிகளும் அவற்றில் உண்டு. ஹாலோ வாட்டர் திட்டமே, 'பாதிக்கப்பட்டவர்', 'பாதிப்பை விளைவித்தவர்' என ஆங்கிலப் பெயர்ச்சொற்களை ஆண்டு தன் பணியைச் செய்தது. அங்கு நிகழ்ந்த நன்மைக்குக் காரணம் வினைச்சொல் அன்று. இரவும் பகலும் அக்குடும்பங்களோடு உழைத்த ஊர்ப்பெண்களே முதற்காரணம்.

'தடிரி' என்னும் சொல்லின் வரலாறு வேறுவகை. வடபுலத்து டேலி ஆற்றங்கரை மொழியைச் சார்ந்த இச்சொல், ஆழ்ந்த அமைதியில் கேட்டல் எனப் பொருள்படும். மூத்த அறிஞர் மிரியம்-ரோஸ் உங்குன்மர்-பாவ்மன் 1988-இல் ஆற்றிய உரையின் வழியே அது பிற மக்களுக்கும் அறிமுகமாயிற்று. அவரே விரும்பி வழங்கிய கொடை அது, ஆள்வதில் தவறில்லை. ஆயின் குலினி போன்ற சொல்லைத் தம் மொழியிலேயே உடைய மக்களுக்கு நடத்தும் பயிற்சியில் தடிரியை எழுதிவைத்து, அதனைப் பண்பாட்டு அடித்தளம் எனல், தஞ்சைக்காரருக்கு வங்கச்சொல் ஒன்றைக் காட்டி 'இது உங்கள் மரபு' என்பதனோடு ஒக்கும்.

பண்பாட்டைச் சாக்காக்கும் எதிர்நிலையும் உண்டு. ஆஸ்திரேலிய நீதிமன்றங்களில் வழக்காற்றைக் காட்டித் தண்டனையைக் குறைக்க வாதிட்டமை பெரும் பூசலாகி, கூட்டரசு 2006-இல் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. நியூசிலாந்து மாவோரியர் இதற்கு அளித்த விடை செறிவானது. 'மவுரி ஓரா' என்னும் அவர்களது 2004-ஆம் ஆண்டுக் கருத்துச் சட்டகம் மேற்கொண்ட முதற்பணி, வன்முறை இயல்பானது, ஏற்கத்தக்கது, பண்பாட்டால் ஒப்பப்பட்டது என்னும் மயக்கத்தைக் களைவதாகும். பிறத்தல், சுற்றம் என்னும் இருபொருளும் தரும் 'ஃபானாவ்' என்னும் சொல்லை வன்முறையின் பெயரோடு சேர்த்தே அவர்கள் ஆண்டனர். மரபின் பெயரால் தப்பிக்க முயல்வோனை மரபின் சொற்களாலேயே மறுத்தமை இங்குக் காணத்தக்கது.

யார் யாரோடு பேசலாம்

சொற்களைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது பேச்சின் ஒழுங்காகும். மேற்குப் பாலை மக்களிடையே மாமியாரும் மருமகனும் 'உமாரி' உறவினர். நேர்நின்று பேசுவதும் ஒருவரையொருவர் நோக்குவதும் விலக்கு. தமிழ்நாட்டில் மாப்பிள்ளை எதிர்ப்பட்டால் மாமியார் ஒதுங்கி நிற்கும் பழைய வழக்கை அறிந்தோர்க்கு இது விளங்கும்; அங்கு விலக்கு இன்னும் கடுமையானது. 'வட்டமாக அமர்ந்து எல்லோரும் மனம்திறந்து பேசுக' என்னும் முறை வேற்றூரிலிருந்து இறக்கப்பட்டால், பெண்ணைப் பெற்றவளும் அவளை அடித்தவனும் ஒரே வட்டத்தில் அமர நேரும். எழும் அமைதியை 'ஒத்துழைப்பின்மை' என்று அறிக்கை குறிக்கும். 2016-இல் ஆடவர்க்கெனத் தனிக்குழு அமைத்து இத்திட்டம் விரிந்ததை இப்பின்னணியில் காணவேண்டும். மூத்த ஆடவர் தம் சொற்களில் தமக்குள் பேசுதற்கு இடம் ஏற்பட்டது.

வினாப்படிவத்தின் நிலையும் இதுவே. பாலை மக்களிடையே பணியாற்றிய கென்னத் லிபர்மன், கேட்கும் வினாவுக்கு உடன்பாடாகவே விடையிறுக்கும் உரையாடல் மரபினை விளக்கினார். டயானா ஈட்ஸ் அது நீதிமன்றங்களில் விளைக்கும் தீங்குகளை ஆராய்ந்தார். 'பயிற்சிக்குப் பின் வீட்டில் சண்டை குறைந்துள்ளதா?' என்ற வினாவுக்குப் பெறப்படும் 'ஆம்' பலவேளை வினவியவர்க்குக் காட்டும் மரியாதையே. அவ்வாம்களைக் கூட்டி விழுக்காடு எடுப்பது அடிபட்ட பெண்ணின் நிலையைக் காட்டாது. இரவில் எத்தனை பெண்கள் அடைக்கலம் தேடினர் என்னும் பதிவேடு இதனினும் நம்பத்தக்கது.

இறந்தோர் பெயரை ஒலித்தலும் அங்கு விலக்கு. அப்பெயருடைய பிறரையும் 'குன்மனாரா' என்னும் மாற்றுச்சொல்லால் அழைப்பர். கொலையில் முடிந்த வன்முறைக்குப் பின் அக்குடும்பத்தோடு அமரும் பணியாளர், வழக்குக் கோப்பிலுள்ள பெயரைப் படித்துத் தொடங்கினால் அமர்வு அங்கேயே முறியும். குன்மனாரா என்று தொடங்குபவர், மாண்டவளுக்காக அழுவோர் நடுவே அமர இடம்பெறுகிறார்.