பின்னால் பார்க்கும் சுக்கான்

ஹைதராபாத் ஹுசைன் சாகர் ஏரியின் டேங்க் பண்டில் நின்று பாய்மரப் படகு பார்க்கிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். சீறுகிற படகுதான் ஜெயிக்கிற படகு என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஸ்பின்னேக்கர் என்னும் பலூன் பாய் உப்பிக்கொண்டு ட்வென்டி நைனர் ரக வேகப் படகு ஒன்று குறுக்கே பாய்ந்தால் கைபேசிகள் உயர்கின்றன. பின்னால் நீலப் பாயோடு வரும் பழைய எண்டர்பிரைஸ் ரகப் படகை யாரும் படம் எடுப்பதில்லை. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் நீலப் பாய்க் கட்சி.

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை. இரண்டு ரகத்தையும் சேர்த்துவிட்ட பயிற்சி ஓட்டம். எண்டர்பிரைஸின் சுக்கானில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர், பெயர் வேண்டாம். காற்று வரும் பக்கத்து மேல் மிதவையைச் சுற்றியதும் கீழ் மிதவை அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் நேராகப் போகவில்லை. சஞ்சீவய்யா பூங்கா பக்கமாக ஒதுங்கினார். என் பக்கத்தில் நின்றவர், “போச்சு சார், வழி தப்பிட்டார்” என்றார். எனக்கு அவருடைய கழுத்து தெரிந்தது. அவர் முன்னால் பார்க்கவே இல்லை. தோளுக்கு மேல் திரும்பி, தனக்குப் பின்னால் காற்று பட்டுத் தண்ணீர் எங்கே கருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு முடிவைத்தான் எல்லோரும் தப்பாகப் படிக்கிறோம். “அவருக்கு அதிர்ஷ்டம், காற்று தேடி வருது” என்பது இங்கே வழக்கமான பேச்சு. காற்று யாரையும் தேடி வராது. ஜூலையில் ஹுசைன் சாகரில் அடிப்பது நம் கடற்கரைக்காரர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று. சென்னைக் கடலில் பிற்பகல் காற்று ஒரே சீராக விழும். இங்கே அது கைரதாபாத், சோமாஜிகூடா கட்டடங்களுக்கு இடையே புகுந்து, துண்டு துண்டாகத்தான் ஏரிக்கு வந்து சேரும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். இங்கே ஓட்டப் பந்தயத்தைவிடப் பொறுக்கும் பந்தயம்தான் அதிகம்.

இனி இரண்டு படகுகளையும் பாருங்கள். எண்டர்பிரைஸ் 1956-இல் ஜாக் ஹோல்ட் வரைந்தது. நீளம் நான்கு மீட்டர் சொச்சம். ஸ்பின்னேக்கர் கிடையாது, கம்பியில் தொங்கி ஓட்டும் டிரபீஸ் கிடையாது. 1982 ஆசியப் போட்டியின் பாய்மரப் பந்தயங்கள் மும்பைக் கடலில் நடந்தபோது களத்தில் இருந்த ரகம். காற்று முதுகில் இருந்தால் மிதவையைப் பார்த்து நேராகப் போகும். ட்வென்டி நைனர் 1990களின் கடைசியில் வந்தது. நேராகப் போனால் அதற்கு வேகம் செத்துவிடும். பக்கவாட்டில் விலகி, வேகமெடுத்து, பாயை மறுபக்கம் மாற்றி ஜைப் அடித்து, மறுபடி விலகி, கோலம் போடுவதுபோலத்தான் இறங்க வேண்டும்.

கோலத்துக்கு விலை உண்டு. நேர்கோட்டிலிருந்து 30 டிகிரி விலகினால் தூரம் நூற்றுக்குப் பதினைந்து கூடும். 45 டிகிரி விலகினால் நாற்பதுக்கு மேல் கூடும். காற்று இருக்கும்போது அந்தக் கடனை வேகம் அடைத்துவிடும். காற்று நின்றால் வட்டி ஏறும். எடை குறைந்த படகு சட்டென்று நின்றுவிடும். கனமான பழசு, வந்த உந்துதலிலேயே இன்னும் இரண்டு படகு நீளம் தள்ளிப்போகும்.

பிரிட்டனில் வெவ்வேறு ரகங்களை ஒரே பந்தயத்தில் விட்டு நேரத்தைச் சரிக்கட்ட போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் எண்டர்பிரைஸுக்கு 1,100-ஐத் தாண்டிய எண். ட்வென்டி நைனருக்கு 900-ஐ ஒட்டிய எண். அதாவது புதியது 900 விநாடியில் முடிக்கும் தூரத்துக்குப் பழையது 1,100 விநாடிக்கு மேல் எடுக்கும். சரியான கணக்குதான், ஆனால் அவர்கள் ஊர்க் காற்றுக்கு. துண்டுக் காற்றுக்கு யார் எண் போடுவது?

வேகப் படகில் இன்னொரு சங்கடம். அது வேகமெடுக்க எடுக்க, அதன் மேல் படும் காற்று முன்பக்கமாக நகர்ந்துவிடும். படகில் இருக்கும் இருவர் கண்ணும் ஸ்பின்னேக்கரின் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஓரம் சுருண்டால் எல்லாம் போச்சு. நீலப் பாய்க்காரருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் திரும்பிப் பார்க்கலாம். பார்த்தார். கருத்த நீர் வந்து தொட்டதும் பாய்க்கயிற்றை ஒரு கை அகலம் விட்டு, அணியத்தை மிதவைக்குத் திருப்பினார். அதோடு சரி, அதன் மேலேயே உட்கார்ந்து வந்துவிட்டார். ட்வென்டி நைனர் அதே துண்டின் ஓரத்தைக் குறுக்கே கடந்து, கண்ணாடியில் போய் நின்றது.

பெருங்கடலிலும் இதே வழக்குதான். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகள் 56 அடி தாரிணியில் கிளம்பி, துறைமுகங்களில் தங்கி, உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். அதே பருவத்தில் வாந்தே குளோப் பந்தயத்தில் நீருக்கடி இறக்கையில் எழும்பி ஓடும் ஃபாயில் படகு ஒன்று 65 நாளுக்குள் நிற்காமல் சுற்றி முடித்தது. அந்தப் படகுகள் பலவற்றில் மூடிய அறைக்குள் திரையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். வேகத்துக்குத் தலைவணங்குகிறேன். பொறாமை மட்டும் வரவில்லை.

இனி ஜோசியம். எண்டர்பிரைஸ் திரும்பி வரப்போவதில்லை. என் கட்சிக்கு டெபாசிட் போகும், தெரியும். ஆப்டிமிஸ்ட், லேசர் ரகச் சிறு படகுகளில் ஸ்பின்னேக்கர் இல்லாமல் இந்த ஏரியில் வளர்ந்த பிள்ளைகள் வேகப் படகுக்கு மாறும்போது முதல் வருஷம் தடுமாறுவார்கள். இரண்டாம் வருஷம் கடல்கார அணிகளைத் திணறடிப்பார்கள், இந்த ஏரியில் மட்டும். ஸ்பின்னேக்கரை விட்டு ஒரு விநாடி கண்ணைப் பிடுங்கிப் பின்னால் பார்க்கத் துணிகிற முதல் ட்வென்டி நைனர் சுக்கான், காற்றுத் துண்டுக்குள் இருக்கும்போதே ஜைப் அடிக்கும். அன்றைக்கு நானும் கட்சி மாறுவேன்.

“வழி தப்பிட்டார்” என்ற அந்த நண்பரிடம் ஓர் இரானி சாய் பந்தயம் கட்டியிருக்கிறேன். அடுத்த ஜூலையில் பாயைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தே நான் ஜெயிப்பவரைச் சொல்ல வேண்டும். ஒஸ்மானியா பிஸ்கட்டும் சேர்த்துத்தான்.