கோடையைக் காணாத தோட்டக்கலைப் படிப்பு

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் தோட்டக்கலை இரண்டாண்டுப் பட்டயமாகவோ அதைவிடக் குறுகிய சான்றிதழாகவோ கற்பிக்கப்படுகிறது. 1901இல் இல்லினாய்ஸில் தோன்றிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி, அந்நாட்டின் மிகப் பழைய அரசுச் சமுதாயக் கல்லூரி. அங்கும் இப்படிப்பு உண்டு. கட்டணம் பல்கலைக்கழகத்தைவிட மிகக் குறைவு. வேலைக்குப் போகிறவர்களும் சேர முடிகிறது. தொழிலில் ஊறியவர்கள் ஆசிரியர்களாக வருகிறார்கள். இவை மறுக்க முடியாத நன்மைகள். ஆனால் வளாகத் தோட்டமே வகுப்பறை, இது செய்து கற்கும் கல்வி என்று இப்படிப்புக்காக வாதிடுவோர் கல்லூரி நாட்காட்டியைக் கவனிப்பதில்லை.

கல்வியாண்டு ஆகஸ்டு பிற்பகுதியில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. இல்லினாய்ஸின் வடபகுதியில் உறைபனி பயம் நீங்குவதே மே மாதத்தில்தான். மண் நடவுக்குத் தயாராகும் வேளையில் மாணவர் தேர்வெழுதிக் கிளம்பிவிடுகிறார்.

ஆப்பிள் மரத்தைப் பிப்ரவரியில் கவாத்துச் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். அளவுக்கு மீறி வெட்டிய கிளையில் செங்குத்தான போத்துகள் அடர்ந்து கிளம்புவது ஜூன், ஜூலையில். வெட்டியவர் தம் தவறைப் பார்ப்பதே இல்லை. மொட்டு ஒட்டு இதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. பட்டை எளிதில் உரிகிற கோடைப் பிற்பகுதியே அதற்கு உரிய காலம். வேர்ச்செடியின் பட்டையை ‘டி’ வடிவில் கீறி, மொட்டைச் செருகி, நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மொட்டின் கீழுள்ள இலைக்காம்பைத் தொட்டதும் அது உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை. விரல் நுனியால் பெற வேண்டிய இந்த அறிவை மாணவர் படத்தில் பார்த்துத் தேறுகிறார்.

நாட்காட்டி பயிரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது. டிசம்பரில் விற்பனைக்கு வரும் பாயின்செட்டியாவும், மே மாதச் செடி விற்பனைக்கான பூநாற்றுகளும் செமஸ்டருக்குள் அடங்குவதால் பசுமைக்குடில் பாடம் செழிக்கிறது. பல ஆண்டு வாழும் மரங்களும் புதர்களும், அதாவது தோட்டக்காரரின் பிழைப்பில் பெரும்பகுதி, பின்னுக்குப் போகின்றன.

கோடைக்காலத் தொழிற்பயிற்சி இக்குறையை ஈடுசெய்யும் என்பது வழக்கமான பதில். நிறுவனத்துக்கு ஜூலையில் தேவைப்படுவது புல் வெட்டவும் களை பிடுங்கவும் ஆள். பிப்ரவரியில் தான் வெட்டிய மரத்தின் முன் மாணவரை நிறுத்தி, எந்த வெட்டு எதை விளைவித்தது என்று விளக்குவதற்கு அங்கே ஆசிரியர் இல்லை. தவறு நடந்த இடத்திலேயே அதைத் திருத்தும் வாய்ப்பு போய்விட்டால் மிஞ்சுவது கூலி வேலையே தவிரக் கல்வி அன்று.

ஆசிரியர் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கானது என்பதே இதன் வேர். இத்துறைக்கு மட்டுமாவது ஒப்பந்தத்தைப் பன்னிரண்டு மாதமாக்கி, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மரத்தை இரண்டாண்டுப் பொறுப்பாகக் கொடுத்து, ஜூலையில் அதைப் பார்வையிட்ட பிறகே கவாத்துப் பாடத்துக்கு மதிப்பெண் இட வேண்டும்.