விரலுக்கு வாகாக ஒரு டீமக்ஸ்

லேப்டாப் தொலைந்து போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருக்கிற 43 வரி ஃபைல் ஒன்று தொலைந்தால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. அதனால்தான் அதை நாலு இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'டாட் டீமக்ஸ் டாட் கான்ஃப்' என்பது அதன் பெயர். முன்னால் புள்ளி இருப்பதால் லினக்ஸில் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில்கூடப் படாது. ஏழு வருஷமாக வரி வரியாக வளர்த்திருக்கிறேன். எந்த வரியை எதற்காகச் சேர்த்தேன் என்று பக்கத்திலேயே தமிழில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். 'விரல் எட்டவில்லை' என்று ஒன்று. 'மழை ராத்திரி' என்று ஒன்று. திறந்து பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது.

கறுப்புத் திரையில் கமாண்ட் தட்டி வேலை பார்க்கிறவர்களுக்கான கருவி டீமக்ஸ். ஒரே டெர்மினலைப் பல துண்டுகளாகப் பிரித்துத் தரும். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றும் செய்யும். சர்வரில் டீமக்ஸுக்குள் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால், நம் பக்கம் இணைப்பு அறுந்தாலும் அந்த வேலை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். இந்த யோசனை பழசுதான். பெர்லினில் ஆலிவர் லாமனும் கார்ஸ்டன் போர்மனும் 1987இலேயே 'ஸ்க்ரீன்' என்று ஒன்றை எழுதினார்கள். 2007இல் நிக்கோலஸ் மாரியட் புதிதாக எழுதி வெளியிட்டது டீமக்ஸ். 2009இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த மூவருக்கும் மதுரைச் செல்லூரிலிருந்து ஒரு கும்பிடு.

செல்லூர் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. பகல் முழுக்கத் தடக் தடக் என்று துண்டு நெய்துகொண்டே இருக்கும். கரண்ட் போனால் தறி நிற்கும். நாடா பாதி வழியில் நிற்கும். ஆனால் பாவு தறியிலேதான் இருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இழையிலிருந்து மறுபடி ஓடும். சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்த காட்சி அது. அப்படி இருந்தும் எனக்கு உறைக்க ஒரு ராத்திரி தேவைப்பட்டது. 2018இல் வீட்டிலிருந்தே ஒரு டேட்டாபேஸை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மணி நேர வேலை. நாலாவது மணியில் கரண்ட் போனது, மோடம் அணைந்தது, இணைப்பு அறுந்தது, அதோடு சர்வரில் ஓடிய வேலையும் செத்தது. விடியும்வரை முதலிலிருந்து செய்தேன். மறுநாள் மதியம் டீமக்ஸ் போட்டேன்.

போட்ட முதல் வாரம் சந்தோஷம். இரண்டாவது வாரம் இடது மணிக்கட்டு வலித்தது.

காரணம் ப்ரிஃபிக்ஸ். டீமக்ஸுக்கு எந்த உத்தரவு போட்டாலும் முதலில் ஒரு கீயைத் தட்டி அதைக் கூப்பிட வேண்டும். டிஃபால்ட்டாக அது கன்ட்ரோல்-பி. உங்கள் கீபோர்டில் கை வைத்துப் பாருங்கள். கன்ட்ரோல் இடது அடி மூலையில், பி நட்ட நடுவில். சுண்டுவிரலை மூலையில் ஊன்றி ஆள்காட்டி விரலை நடுவரைக்கும் இழுக்க வேண்டும். நாள் முழுக்க இதே இழுவை. பக்கத்துத் தறி மாமா அந்தக் காலத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். நான் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தறி எட்டலைன்னா மிதிக்கயித்தை மாத்திக் கட்டணும் மாப்ள, காலை நீட்டிக்கிட்டே இருந்தா எப்படி?" என்றார். அவர் சொன்னது தறியைப் பற்றி. அன்று சாயங்காலமே என் ஃபைலின் முதல் மூன்று வரிகளை எழுதினேன்.

முதலில் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றினேன். அது இயங்குதளத்தின் செட்டிங். பிறகு டீமக்ஸில் இரண்டு வரியில் ப்ரிஃபிக்ஸை கன்ட்ரோல்-ஏ ஆக்கினேன். கேப்ஸ் லாக்கும் ஏ-யும் ஒட்டிப்பிறந்த ரெட்டைப் பிள்ளைகள். கை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு இடைஞ்சல் உண்டு. ஷெல்லில் கன்ட்ரோல்-ஏ என்றால் வரியின் தொடக்கத்துக்குப் போவது. அதை டீமக்ஸ் விழுங்கிவிடும். அதற்குத்தான் மூன்றாவது வரி: இரண்டு தடவை தட்டினால் ஒன்றை உள்ளே அனுப்பிவிடு என்று 'சென்ட்-ப்ரிஃபிக்ஸ்' போட்டேன். வலி பத்து நாளில் போய்விட்டது. மூன்று வரி! அந்த மூன்று வரி என்னைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து திரையைப் பிரிக்கிற கீகள். பக்கத்தில் பக்கத்தில் பிரிக்க சதவீதக் குறி, மேலும் கீழுமாகப் பிரிக்க இரட்டை மேற்கோள் குறி என்று வைத்திருக்கிறார்கள். எது எதற்கு என்று எனக்கு மனசில் தங்கவே இல்லை. நெடுங்கோட்டைத் தட்டினால் நெடுக்கே கோடு விழட்டும், சிறுகோட்டைத் தட்டினால் குறுக்கே கோடு விழட்டும் என்று மாற்றினேன். கண்ணால் பார்க்கிறதே கீயாகிவிட்டது, மனப்பாடம் தேவையில்லை. அதே வரியில் இன்னொரு சின்ன விஷயமும் சேர்த்தேன். புதிதாகத் திறக்கிற துண்டு, டிஃபால்ட்டாக செஷன் தொடங்கிய ஃபோல்டரிலேயே போய் நிற்கும். நான் இப்போது நிற்கிற ஃபோல்டரிலேயே திறக்கச் சொன்னேன். ஆழமான ஃபோல்டரில் வேலை பார்க்கும்போது இதன் அருமை புரியும். தட்டினோம், திறந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறோம். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு புல்லரிப்பு.

துண்டுகளை அடக்கிய ஒரு முழுத் திரைக்கு டீமக்ஸில் விண்டோ என்று பெயர். அந்த விண்டோ எண்கள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. கீபோர்டில் பூஜ்யம் ஒன்பதுக்கும் அப்பால், வலது கோடியில். முதல் விண்டோவுக்குப் போகக் கடைசி கீயா? ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டேன். நடுவில் ஒன்றை மூடினால் மற்றவை வரிசையாக நகர்ந்து எண் மாற்றிக்கொள்ளவும் ஒரு வரி.

இப்போது எனக்கு ரொம்பப் பிரியமான வரிக்கு வருகிறேன். விம் எடிட்டர் வைத்திருக்கிறவர்கள் எஸ்கேப் கீயைக் கணக்கில்லாமல் தட்டுவார்கள். டீமக்ஸுக்குள் விம் திறந்தால், எஸ்கேப் தட்டியதும் ஒரு தயக்கம் தெரியும். கெட்டித் தேனில் விரல் வைத்த மாதிரி. என் லேப்டாப் பழசாகிவிட்டது என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நடப்பது இது: அம்புக்குறி கீகளும் ஆல்ட் சேர்த்த கீகளும் டெர்மினலுக்குள் வரும்போது எஸ்கேப்பை முன்னால் வைத்துக்கொண்டு பல எழுத்துகளாக வரும். அதனால் ஒரு எஸ்கேப் வந்ததும், இது தனி எஸ்கேப்பா, பின்னால் ஏதாவது வருகிறதா என்று டீமக்ஸ் கொஞ்சம் காத்துப் பார்க்கும். அந்தக் காத்திருப்பு அப்போது 500 மில்லிசெகண்ட். அரை விநாடி! 'எஸ்கேப்-டைம்' என்கிற செட்டிங்கை 10 ஆக்கினேன். சேமித்துவிட்டு விம் திறந்து எஸ்கேப் தட்டினேன். தட்டிய கணமே வேலை செய்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும். புது லேப்டாப் வாங்கின மாதிரி இருந்தது. 2024இல் வந்த 3.5 பதிப்பில் டிஃபால்ட்டையே 10 ஆக்கிவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் சர்வர்களில் பழைய பதிப்பு இன்னும் நிறையக் கிடக்கிறது. அதனால் அந்த வரியை நான் எடுக்கவில்லை.

மேலே உருட்டிப் பார்க்க டீமக்ஸ் ஒவ்வொரு துண்டுக்கும் 2000 வரிகளை ஞாபகம் வைத்திருக்கும். லாக் ஓடுகிற துண்டில் அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நான் 50,000 வைத்திருக்கிறேன். ஒன்று கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே திறந்திருக்கிற துண்டுக்கு இது பொருந்தாது, புதிதாகத் திறப்பவற்றுக்குத்தான். மவுஸும் டிஃபால்ட்டாக அணைந்தே இருக்கும். ஒரு வரி போட்டால் சக்கரத்தை உருட்டிப் படிக்கலாம், எல்லைக் கோட்டைப் பிடித்து இழுக்கலாம். அதன்பின் டெர்மினலின் சொந்தக் காப்பி வேண்டுமென்றால் பெரும்பாலான டெர்மினல்களில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

கீழே ஓடுகிற பச்சைப் பட்டையைச் சொல்லாமல் விட முடியாது. டீமக்ஸ் என்றாலே அந்தப் பச்சைதான். எந்த மெஷினில் திறந்தாலும் அதே பச்சை. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள், டெஸ்ட் மெஷின் என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த சர்வரில் ஒரு சேவையை நிறுத்திவிட்டேன். ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் வயிற்றில் புளி கரைந்தது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நிஜ சர்வரில் என் பட்டை ரத்தச் சிவப்பு, டெஸ்ட் மெஷினில் நீலம், சொந்த லேப்டாப்பில் மாம்பழ மஞ்சள். சர்வரில் பட்டையைத் திரையின் மேலே ஏற்றிவிட்டேன், லேப்டாப்பில் கீழே. டீமக்ஸுக்குள் டீமக்ஸ் திறந்திருந்தாலும் எது யாருடையது என்று குழம்பாது. சிவப்பு மேலே எரிகிறபோது கை தானாக நிதானமாகிவிடுகிறது.

பட்டையின் வலது கோடியில் மணி ஓடும். அது சர்வரின் மணி. என் சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே விடியற்காலை 3.40 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 10.10. எந்த வேலை எப்போது முடியும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இந்திய நேரத்தையும் பக்கத்தில் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதினேன். இரண்டு மணியும் தோளோடு தோள் நிற்கின்றன.

'மழை ராத்திரி' என்ற குறிப்பு 2024 அக்டோபர் கடைசியில் எழுதியது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் வந்த அந்த மழை மதுரைக்காரர்களுக்கு மறக்காது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. அம்மா அரிசி மூட்டையை மேசை மேல் தூக்கி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்வரில் ஒரு பெரிய டேபிளுக்கு இண்டெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து போனில் டெர்மக்ஸ் என்கிற டெர்மினல் ஆப்பைத் திறந்து, சர்வருக்குள் நுழைந்து, மற்ற இணைப்புகளை அவிழ்த்துவிட்டு என் செஷனில் ஒட்டிக்கொண்டேன். உள்ளங்கை அளவு திரையில் சிவப்புப் பட்டை, இரண்டு மணிகள், கணக்கு நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்த கையால் தட்டினாலும் எல்லா கீயும் என் கீ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் லேப்டாப்பில் 200 எழுத்து அகலத்துக்கு எழுதிய பட்டை போனில் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. திரை குறுகலாக இருந்தால் நம் நேரத்தை மட்டும் காட்டு என்று அன்று ராத்திரியே சேர்த்தேன்.

மேலத்தெருத் தம்பி ஒருவன் கல்லூரி கடைசி வருஷம். போன மாதம் வந்தான். "அண்ணே, உங்க ஃபைலை அப்படியே அனுப்பிவிடுங்கண்ணே, போட்டுக்கிறேன்."

"அனுப்ப மாட்டேன்டா. உக்காரு, முதல் வரியை நீயே எழுது."

முதல் வரியாக அவனுக்குச் சொன்னது, ப்ரிஃபிக்ஸுக்குப் பின் ஆர் தட்டினால் ஃபைலை மறுபடி படித்துக்கொள் என்பது. இது இருந்தால்தான் மற்ற எதையும் பயமில்லாமல் மாற்றிப் பார்க்கலாம். எழுது, ஆர் தட்டு, பிடிக்கவில்லையா, அழி. படித்ததும் திரையில் காட்ட ஒரு செய்தியும் வைக்கலாம். என்ன செய்தி வேண்டும் என்றேன். 'படிச்சாச்சுண்ணே' என்று தமிழிலேயே எழுதினான். செய்தி முக்கால் விநாடியில் மறைந்துவிட்டது. "படிக்கிறதுக்குள்ள போயிருச்சே!" என்றான். 'டிஸ்ப்ளே-டைம்' 750 என்று இருந்ததை 2000 ஆக்கினான். அவனுடைய இரண்டாவது வரி அது. நான் சொல்லவே இல்லை.

அவன் செய்தியைத் தமிழில் எழுதியதுதான் என்னை அடுத்த வேலையில் இறக்கியது. விண்டோக்களுக்குத் தமிழ்ப் பெயர். டீமக்ஸ் தானாக ஓடுகிற ப்ரோக்ராமின் பெயரை வைக்கும். ப்ரிஃபிக்ஸுக்குப் பின் கமா தட்டினால் நாம் மாற்றலாம். தறிச் சொற்களே வைப்போம் என்று தோன்றியது. டேட்டாபேஸுக்குப் பாவு, எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதுதானே. அங்கும் இங்கும் ஓடுகிற அப்ளிகேஷனுக்கு நாடா. லாக்குக்கு ஊடை.

இங்கே ஒரு அழகான சிக்கல். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று கணக்கு உண்டு. யூனிக்கோடில் ஈகாரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனி இடம் அடைக்காத குறிகள். காலும் கொம்பும் மற்றவையும் இடம் அடைப்பவை. அதனால் என் மெஷினில் 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம்! பாவு நாலு கட்டம், நாடா நாலு கட்டம், இரண்டும் ஒழுங்காக உட்கார்ந்தன. ஊடையில் வந்தது வம்பு. டகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, சேமிப்பில் டகரத்துக்குப் பின்னால் இருப்பதால், கட்டத்தில் இடம் மாறிப் போய் நின்றது. மூன்று டெர்மினல் மாற்றிப் பார்த்தேன், நாலு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, அத்தனையும் ஆனந்தமாகப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். தார்! கொம்பே இல்லை. த, கால், ர, புள்ளி: மூன்றே கட்டம். கமா தட்டி, மாற்றி, எண்டர் அடித்தேன். மஞ்சள் பட்டையில் இப்போது வரிசையாக: 1 பாவு, 2 நாடா, 3 தார்.